முதல் உறைபனிக்கு ஏழு வாரம்: புல்தரையில் எதை முதலில் செய்வது?

முற்றத்துப்புல்:

வீட்டுக்குப் பின்னால் சுமார் 200 சதுர மீட்டர் புல்தரை. கென்டக்கி புளூகிராஸும் ரைகிராஸும் கலந்தது. மண் நல்ல களி. மழை பெய்தால் ஒரு மூலையில் அரை நாள் தண்ணீர் நிற்கும். இரண்டு பெரிய மரங்கள் வேறு. இலை உதிரத் தொடங்கினால் தரையே தெரியாது. போன முறை பனி கரைந்ததும் ஒரு சாண் அகலத்தில் வட்ட வட்டமாக வைக்கோல் நிறத் திட்டுகள் தெரிந்தன. சில தேறின, சில தேறவில்லை. இந்த முறை முதல் உறைபனிக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.

என் குழப்பம் வரிசையில்தான். மண்ணைத் துளையிடுவது, விதை தூவுவது, களைக்கொல்லி, மூட்டையில் 'குளிர்கால உரம்' என்று போட்டு விற்கிறார்களே அது, கடைசி வெட்டு: இதில் எது முந்தி, எது பிந்தி? எதையெல்லாம் ஒன்றாகச் செய்யக் கூடாது? கடைசி வெட்டில் ஒட்ட வெட்டிவிட்டால் பூஞ்சை வராது என்கிறார்களே, சரியா? தரைக்கடியில் ஸ்பிரிங்க்ளர் குழாய்களும் ஓடுகின்றன. வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிட்டால் போதுமா?

களிமண்:

சரியான நேரத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் மூன்று வாரம் போயிருந்தால் புளூகிராஸ் விதையை மறந்துவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

எல்லாவற்றையும் உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். புளூகிராஸ் முளை காட்டவே 2 முதல் 4 வாரம் எடுக்கும். ரைகிராஸ் 5 முதல் 10 நாளில் வந்துவிடும். முளைத்த பிறகு வேர் பிடிக்கவும் சில வாரங்கள் வேண்டும். அது கிடைக்காத இளம்பயிரைக் களிமண் சும்மா விடாது: மண்ணிலுள்ள ஈரம் உறைந்து உப்பும்போது நாற்றை வேரோடு மேலே தள்ளிவிடும், வெயில் வந்ததும் மண் கீழே இறங்கும், நாற்று மட்டும் அந்தரத்தில் காயும். ஆகவே துளையிடுவதும் விதைப்பதும் இந்த வாரத்து வேலை. மற்றதெல்லாம் பிறகு.

துளையிட, மண்ணை உருளை உருளையாகப் பிடுங்கி வெளியே போடுகிற ஏரேட்டரை வாடகைக்கு எடுங்கள். ஆணி வைத்த உருளையோ, செருப்பில் மாட்டுகிற ஆணிப்பலகையோ வேண்டாம். அவை மண்ணை எடுப்பதில்லை, பக்கவாட்டில் நெருக்குகின்றன. களியில் துளையைச் சுற்றி இன்னும் இறுகிப்போகும். முதல் நாள் தரைக்கு ஒன்றரை செ.மீ. அளவு தண்ணீர் விடுங்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள், கையால் அழுத்தினாலே 8 செ.மீ. இறங்க வேண்டும். காய்ந்த களியில் ஏரேட்டர் மேலே துள்ளும். சேறாக இருந்தால் துளைச்சுவர் மெழுகியதுபோல் அடைபடும். ஆழம் 5 முதல் 8 செ.மீ., துளைக்குத் துளை அதே இடைவெளி. ஒரு ஓட்டத்தில் அவ்வளவு நெருக்கம் வராது, குறுக்காக இன்னொரு ஓட்டம் விடுங்கள். ஸ்பிரிங்க்ளர் தலைகள் ஒவ்வொன்றிலும் முன்கூட்டியே கொடி நட்டுவையுங்கள். வெளியே விழுந்த மண் உருளைகளை வாரிக் கொட்டாதீர்கள். காய்ந்ததும் புல்வெட்டும் மோவர் ஓடினால் பொடிந்து போய்விடும்.

அதற்கு முன் ஒரு கைப்பிடிப் புல்தரையை வெட்டி எடுத்துப் பாருங்கள். பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவே பழுப்பு நார்ப்படலம் ஒன்று இருக்கும். 1.25 செ.மீ.க்குக் கீழே என்றால் அப்படியே விடலாம். அதற்கு மேல் என்றால் முதலில் அதைக் கீறி வாரி எடுக்க வேண்டும். தூவிய விதை அந்த நாரில் சிக்கி முளைத்தால் வேர் மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும்.

விதை அளவு: புல் மெலிந்த இடங்களில் சதுர மீட்டருக்குப் புளூகிராஸ் 5 முதல் 8 கிராம். மொட்டைத் திட்டில் 10 முதல் 15. ரைகிராஸ் தனியாக என்றால் மெலிந்த இடத்துக்கு 15 முதல் 20, மொட்டையில் 30 முதல் 35. மர நிழலில் இவை இரண்டும் சோடைபோகும். அங்கே ஃபைன் ஃபெஸ்க்யூ 20 முதல் 25 கிராம் போடுங்கள். இன்னும் கொஞ்சம் அள்ளிப்போட்டால் அடர்த்தியாக வரும் என்று நினைக்கத் தோன்றும். நெருக்கமாக முளைத்த நாற்றுகள் ஒன்றையொன்று வதைத்து, ஈரம் தங்கி, அடியழுகிச் சாயும். தூவியதும் ரேக்கைத் திருப்பி அதன் முதுகால் லேசாக இழுத்துவிட்டால் போதும், விதை அரை செ.மீ.க்கு மேல் புதையக் கூடாது.

துளைக்கு மேல் நன்றாக மக்கிய கம்போஸ்டை 5, 6 மில்லிமீட்டர் பரப்பினால் களிக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது. உங்கள் பரப்புக்கு ஏறத்தாழ 1.2 கன மீட்டர் வரும். மணல் போடவே போடாதீர்கள். களியும் மணலும் சேர்ந்தால் செங்கல். ஜிப்சமும் சோடியம் மிகுந்த மண்ணுக்குத்தான் பயன்படும், சாதாரணக் களிக்கு அது வீண்செலவு.

முளைக்கும் வரை மேல் மண் காயாமல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை லேசான தெளிப்பு. முளைத்த பிறகு எண்ணிக்கையைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள்.

வேர்மட்டம்:

களிமண் சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை. உரத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த மூட்டைப் படத்தை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

உர மூட்டையில் போட்டிருக்கும் மூன்று எண்களும் வரிசையாக நைட்ரஜன், மணிச்சத்து (பாஸ்பரஸ்), பொட்டாஷ். 'குளிர்கால உரம்' என்ற பெயரில் வருபவற்றில் மூன்றாவது எண், அதாவது பொட்டாஷ், தூக்கலாக இருக்கும். பொட்டாஷ் குறைவாக உள்ள மண்ணில் அது குளிர் தாங்க உதவும், உண்மைதான். மண்ணில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் மேலும் கொட்டி ஒரு பயனும் இல்லை. பனிப்பூஞ்சை, அதாவது குளிர்கால ஈரத்தில் புல்லைப் பிடிக்கும் பூஞ்சை நோய், கூடுவதும் உண்டு. மண் பரிசோதனை செய்யாமல் பொட்டாஷும் வேண்டாம், சுண்ணாம்பும் வேண்டாம். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6க்கும் 7க்கும் நடுவே இருந்தால் சுண்ணாம்பைத் தொடவே தேவையில்லை. மணிச்சத்துக்குப் பல ஊர்களில் சட்டக் கட்டுப்பாடே இருக்கிறது. புதிதாக விதைக்கும்போது மட்டும் விதிவிலக்கு கொடுப்பார்கள். பரிசோதனை குறை காட்டினால் போடுங்கள்.

இந்தப் பருவத்தில் புல்லுக்கு உண்மையில் வேலை செய்வது தழைச்சத்துதான், அதாவது நைட்ரஜன். கணக்கு இப்படி. சதுர மீட்டருக்கு 5 கிராம் நைட்ரஜன். 200 சதுர மீட்டருக்கு 1 கிலோ நைட்ரஜன். 24-0-12 மூட்டை என்றால் அதில் 24 சதவீதம்தான் நைட்ரஜன், ஆகவே 4.2 கிலோ. யூரியா என்றால் 46 சதவீதம், 2.2 கிலோ போதும். மூட்டை எடையையே நைட்ரஜன் எடையாக நினைத்துப் போடுவதால் பாதிப் பேருக்குக் குறைகிறது. யூரியாவை மற்ற உரத்தின் அளவுக்கே போட்டுக் கருக்கியவர்களும் உண்டு.

இந்த 5 கிராமை இப்போதே, அதாவது உறைபனிக்கு ஆறு ஏழு வாரம் முன்பு போடுங்கள். இரண்டாவது தவணை உண்டா என்பதில்தான் சண்டை. புல் வளர்வது நின்று, நிறம் மட்டும் பச்சையாக இருக்கும் அந்த இடைவெளியில் முழு அளவு போட வேண்டும் என்பது பழைய முறை. இலை வளராததால் சத்தெல்லாம் வேருக்குப் போகும் என்பது அதன் வாதம். ஆனால் மண் குளிரக் குளிர வேர் உறிஞ்சுவதும் குறைந்துகொண்டே போகும். உறிஞ்சாத நைட்ரஜன் மழையோடு நிலத்தடிக்குப் போகிறது. என் கட்சி: இரண்டாவது தவணை வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 2.5 கிராம் மட்டும், அதையும் கடைசி இரண்டு வெட்டுகளுக்கு இடையே. உங்கள் தரைக்கு யூரியா 1.1 கிலோ. தரை உறைந்த பிறகு ஒரு குருணைகூடப் போடக் கூடாது.

அந்த இரண்டாவது தவணைக்கு மெதுவாகக் கரையும் உரமோ தொழு உரமோ உதவாது. அவற்றைப் பிரித்துக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் சோம்பிவிடும். யூரியா அல்லது அம்மோனியம் சல்பேட் சரி. பாதியை நீளவாக்கில், மீதியைக் குறுக்குவாக்கில் ஸ்ப்ரெடரில் (உரம் தூவும் தள்ளுவண்டி) தள்ளுங்கள். ஒரே திசையில் போட்டால் வசந்தத்தில் வரிக்குதிரை மாதிரி பட்டை தெரியும். ஈர இலையில் போடாதீர்கள், போட்டதும் அரை செ.மீ. தண்ணீர் விடுங்கள், நடைபாதையில் சிதறியதைப் பெருக்கித் தரையிலேயே தள்ளுங்கள்.

முற்றத்துப்புல்:

இருவருக்கும் நன்றி. மூட்டை எடைக் கணக்கில் நானும் தவறான பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். இரண்டு சந்தேகம்: விதைத்தால் களைக்கொல்லி எப்போது? டேன்டிலியன் நிறைய இருக்கிறது. புது நாற்று இருக்கும்போது இலைக் குவியலை என்ன செய்வது?

களிமண்:

ஒரே இடத்தில் இரண்டும் இந்தப் பருவத்தில் முடியாது. அகன்ற இலைக் களைகளுக்கான 2,4-டி போன்றவற்றைத் தெளித்தால், மருந்தைப் பொறுத்து மூன்று நான்கு வாரம் கழித்துத்தான் விதைக்கலாம். விதைத்த பிறகு தெளிப்பதென்றால் புதுப் புல் மூன்று முறையாவது வெட்டு வாங்கியிருக்க வேண்டும். களை முளைக்காமலே தடுக்கிற மருந்து இருக்கிறதே, அது புல் விதைக்கும் களை விதைக்கும் வித்தியாசம் பார்க்காது. டப்பியில் எழுதியிருப்பதுதான் கடைசி வார்த்தை.

அதனால் தரையை மனதுக்குள் இரண்டாகப் பிரியுங்கள். விதைக்கும் பகுதியில் டேன்டிலியனைக் கையால், ஈர மண்ணில், ஆணிவேரோடு பிடுங்குங்கள். விதைக்காத பகுதியில் செடி செடியாகத் தெளியுங்கள். அதற்கு இந்தப் பருவம் வசந்தத்தைவிடச் சிறந்தது. குளிருக்காக அது சர்க்கரையை வேருக்கு இறக்கிக்கொண்டிருக்கும், மருந்தும் கூடவே இறங்கும். பகல் வெப்பம் 10 டிகிரிக்கு மேல், காற்றில்லாத நாள், அடுத்த 24 மணி நேரம் மழையில்லை: மூன்றும் சேர வேண்டும். இரண்டு நாள் முன்னும் பின்னும் வெட்டாதீர்கள்.

இலைக்கு: காய்ந்த இலையை மோவரில் அரைத்துத் தரையிலேயே விட்டுவிடலாம். துண்டுகள் விரல் நகம் அளவுக்கு வர வேண்டும், பெரும்பாலும் இரண்டு ஓட்டம் தேவைப்படும். முடிந்ததும் மேலிருந்து பாருங்கள், பாதிப் புல்லாவது கண்ணுக்குத் தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் மிச்சத்தை வாரிக் கம்போஸ்டில் போடுங்கள். புது நாற்றுப் பகுதியில் மோவரோ கனத்த ரேக்கோ வேண்டாம்; ஊதும் கருவியைக் குறைந்த வேகத்தில், தரைக்குப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். அங்கே இலை இரண்டு மூன்று நாளுக்கு மேல் கிடக்கக் கூடாது. நனைந்த இலை ஒட்டினால் அடியில் நாற்று வெளுத்துவிடும்.

இனி அந்த வட்டத் திட்டுகள். நீங்கள் சொல்வது பனிப்பூஞ்சைதான், ஆனால் அதில் இரண்டு வகை. சாம்பல் வகைக்குத் தரையை நீண்ட நாள் மூடிக்கிடக்கும் பனி வேண்டும். பனி கரைந்ததும் செத்த இலையில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் ஒட்டியிருக்கும். அது பெரும்பாலும் இலையைத்தான் தின்னும், குருத்தடி (மண்மட்டத்தில் இலையும் வேரும் கிளம்பும் இடம்) பிழைத்துக்கொள்ளும். படுத்த புல்லை லேசாக வாரிக் காற்று படவிட்டால் தேறிவிடும். இளஞ்சிவப்பு வகைக்குப் பனிகூடத் தேவையில்லை, உறைநிலையை ஒட்டிய குளிரும் ஈரமும் போதும். திட்டின் ஓரம் வெளிர்சிவப்பாக இருக்கும். இது குருத்தடியையும் கொல்லும். தேறாத திட்டுகள் இந்த வகையாக இருக்கலாம். வீட்டுத் தரைக்குப் பூஞ்சைக்கொல்லி தேவைப்படுவது அபூர்வம். பிந்திப் போட்ட நைட்ரஜன், நீளமாக விட்ட புல், வாராத இலை, ஓரிடத்தில் குவித்த பனி, இந்த நான்கையும் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

கடைசி வெட்டு 5.5 முதல் 6 செ.மீ. இப்போது 7.5 செ.மீ.யில் வெட்டுகிறீர்கள் என்றால் கடைசி மூன்று வெட்டுகளில் படிப்படியாக இறக்குங்கள். ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். நீளமாக விட்டால் பனியின் கனத்தில் புல் படுத்துப் பாய்போல் மூடும், அடியில் ஈரம் தங்கும், சிறு எலிகளும் பாதை போட்டுக்கொள்ளும். ஒட்ட வெட்டினாலோ சர்க்கரை சேர்க்க இலை இருக்காது, குருத்தடிக்குப் போர்வையும் இருக்காது. உங்களிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். 'கடைசி' என்பதைக் காலண்டரில் தேடாதீர்கள். இரண்டு வாரமாக வளர்ச்சியே இல்லையென்றால் அதுதான் கடைசி.

தண்ணீர் நிற்கும் மூலையையும் இப்போதே மேடாக்கிவிடுங்கள். குளிரின் முடிவில் பகலில் கரைந்து இரவில் உறையும்போது, நீர் குடித்த குருத்தடி உள்ளுக்குள்ளேயே உறைந்து வெடிக்கும். அங்கே எவ்வளவு உரம் போட்டும் பிரயோசனமில்லை.

குழாய்மடை:

ஸ்பிரிங்க்ளர் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன். சரிவாகப் பதித்து, தாழ்ந்த முனைகளில் வடிகால் வால்வு வைத்த அமைப்பு என்றால் திறந்துவிட்டால் போதும். உங்களுடையது அப்படியா என்று தெரியாவிட்டால், இல்லை என்றே எடுத்துக்கொண்டு காற்றால் ஊதி வெளியேற்றுங்கள்.

ஊதுவதில் அழுத்தத்தைவிடக் காற்றின் கொள்ளளவு முக்கியம். டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரஸரால் ஆகாது. தண்ணீரின் மேலாகக் காற்று வழுக்கிப் போய்விடும், பள்ளங்களில் தண்ணீர் அப்படியே நிற்கும். அதை ஈடுகட்ட அழுத்தத்தை ஏற்றுகிறவர்கள்தான் குழாயை உடைக்கிறார்கள். கறுப்புப் பாலித்தீன் குழாய்க்கு அழுத்தம் 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு), பி.வி.சி.க்கு 80, அதற்கு மேல் கூடாது. இரண்டும் கலந்திருந்தால் 50தான். கொள்ளளவு போதாவிட்டால் பெரிய கம்ப்ரஸரை வாடகைக்கு எடுங்கள் அல்லது ஆள் கூப்பிடுங்கள்.

முதலில் ஸ்பிரிங்க்ளருக்குப் போகும் மெயின் வால்வை மூடுங்கள். காற்றுக் குழாயைப் பேக்ஃப்ளோ பிரிவென்டருக்கு (ஸ்பிரிங்க்ளர் தண்ணீர் குடிநீர்க் குழாய்க்குத் திரும்பாமல் தடுக்கும் கருவி) அப்பால் உள்ள வாயில் மாட்டுங்கள், அந்தக் கருவி வழியாக ஊதினால் உள்ளே உள்ள சீல்கள் கெடும். காற்றைத் திறப்பதற்கு முன் கண்ட்ரோலரில் ஒரு ஸோனை, அதாவது ஒரே வால்வில் ஓடும் தலைகளின் தொகுதியை, திறந்து வையுங்கள். எந்த வால்வும் திறக்காமல் காற்றை ஏற்றக் கூடாது. தூரத்து ஸோனில் தொடங்கி அருகே வாருங்கள். தலைகளில் தண்ணீர் போய்ப் புகைபோல் வந்து நின்றதும் நிறுத்துங்கள், ஒரு ஸோனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காய்ந்த காற்று ஓடினால் சுழலும் தலைகளின் பல்சக்கரம் சூடேறி உருகும். ஒரே நீண்ட ஊதலைவிட இரண்டு மூன்று குட்டி ஊதல்கள் நல்லது. கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எந்தத் தலைக்கு நேராகவும் குனியாதீர்கள்.

முடிந்ததும் பேக்ஃப்ளோவில் உள்ள பந்து வால்வுகளை முழுதாக மூடாமல் 45 டிகிரி சாய்வில் விடுங்கள். முழுதாகத் திறந்தாலும் மூடினாலும் பந்தைச் சுற்றி ஒரு மடக்குத் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், வால்வு உடம்பு வெடிக்க அது போதும்.

உங்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். குழாயை ஊதிக் காயவைத்த பிறகும் புது நாற்று தண்ணீர் கேட்கும். தரை உறையும் வரை ஹோஸால் விடுங்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் சுவர்க்குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றிவிடுங்கள். உறையாத குழாய் என்று விற்பதும் ஹோஸ் மாட்டியிருந்தால் வடியாது. விரிசல் சுவருக்குள் விழும், வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போதுதான் தெரியும்.

அருகு:

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னதெல்லாம் குளிர்ப்பருவப் புற்களுக்கு. உங்கள் தரை பெர்முடா என்றால், அதாவது நம் அருகம்புல்லேதான், அல்லது ஸோய்ஷியா, செயின்ட் அகஸ்டின் என்றால் ஏறக்குறைய எல்லாம் தலைகீழ். உறைபனிக்கு ஆறு வாரம் முன்பே நைட்ரஜனை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இளந்தளிர் குளிரில் கருகும். துளையிடுவதும் நார்ப்படலம் எடுப்பதும் கோடையின் வளர்பருவத்தில்தான். கடைசி வெட்டுகளில் உயரத்தைக் குறைக்காமல் ஒன்றிரண்டு செ.மீ. கூட்டுங்கள். பழுப்பானால் செத்துவிட்டது என்று பதறி உரம் போடாதீர்கள், அது உறங்குகிறது. மழையோ பனியோ இல்லாத வறண்ட குளிரில் மட்டும் மாதம் ஒருமுறை, உறைபனி இல்லாத நாளின் நண்பகலில் தண்ணீர் காட்டினால் போதும்.

முற்றத்துப்புல்:

ஏரேட்டரை வார இறுதிக்குச் சொல்லிவிட்டேன். ஒருவேளை மழை வந்து தள்ளிப்போனால்?

களிமண்:

ஒரு வாரம் தள்ளினால் பாதகமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் போனால் புளூகிராஸை விட்டு ரைகிராஸ் மட்டும் தூவுங்கள். அதுவும் தவறினால் விதையைக் காய்ந்த இடத்தில் பத்திரமாக வைத்து, மண் வெப்பம் 4 டிகிரிக்குக் கீழே இறங்கி அங்கேயே நிலைத்த பிறகு புளூகிராஸைத் தூவுங்கள். அப்போது முளைக்காது, வசந்தம் வரை அப்படியே கிடக்கும். பறவையும் ஓடுநீரும் கொஞ்சம் கொண்டுபோகும் என்பதால் கால் பங்கு கூடுதலாகப் போடுங்கள். இப்படிச் செய்ய ரைகிராஸ் ஆகாது. இடையில் நான்கு நாள் வெதுவெதுப்பு வந்தாலே முளைத்துவிட்டு அடுத்த குளிரில் சாகும்.

வேர்மட்டம்:

விட்டுப்போன இரண்டு. மோவரில் பெட்ரோலை அப்படியே விட்டு மூடாதீர்கள். ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போக பத்து நிமிடம் ஓடவிடுங்கள், இல்லையென்றால் முழுதாக வடித்துவிடுங்கள். பேட்டரி மோவர் என்றால் பேட்டரியைக் கழற்றிப் பாதிச் சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள்.

இன்னொன்று, நடைபாதை உப்பு. அள்ளிய பனியை எப்போதும் ஒரே புல் மூலையில் குவித்தால் உப்பும் அங்கேதான் சேரும், பனியும் அங்கேதான் கடைசியாகக் கரையும் என்பதால் பூஞ்சைக்கும் அதே இடம்தான். பாதை ஓரத்துக்கு மட்டும் உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள். காலையில் புல் வெள்ளையாக விறைத்திருக்கும்போது அதன் மேல் நடக்காதீர்கள், மிதித்த இடத்தில் உறைந்த இலை நொறுங்கி காலடி காலடியாகக் கறுத்துவிடும். வெயில் பட்டு வெள்ளை போன பிறகு நடந்தால் ஒன்றும் ஆகாது.